துண்டைப் போட்டு மூடிய இடம்

அவரை எல்லோரும் பிரேக் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. பஸ் டிப்போவில் பத்தொன்பது வருஷம் பிரேக் பிரிவு. அதற்குப் பிறகு மெயின் ரோட்டுக்குப் பின்னால், இரண்டு கார் நிற்கிற அளவுக்கு ஒரு தகர ஷெட். இன்ஜினில் சத்தம் வருகிறது என்று யாராவது வந்தாலும் காது கொடுத்துக் கேட்பார். கேட்டுவிட்டு, "ஓடறது இருக்கட்டும், நிக்குதான்னு பார்த்தீங்களா?" என்பார்.

டிப்போவில் ஒரு வழக்கம் இருந்தது. பிரேக் வேலை பார்த்தவன் அந்த பஸ்ஸின் முதல் டிரிப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போக வேண்டும். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. ஆனாலும் யாரும் மீறியதில்லை. ஷெட்டிலும் அதை அவர் விடவில்லை. வேலை முடிந்ததும் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "இப்ப ஓட்டுங்க" என்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. தன் கையால் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பார். கோடு இருந்தால் அவர் பொறுப்பு என்று அர்த்தம்.

அவர் மனைவி சின்ன வார்டோடு கூடிய ஒரு கிளினிக்கில் நர்ஸ். நாற்பத்தாறு வயது. கிளினிக் டாக்டர் தன்னுடைய பழைய சின்ன ஹேட்ச்பேக்கை அவளுக்கு விற்றபோது, வேலைக்குப் போய் வரத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் தம்பி, அவருடைய ஷெட்டில் கூடவே வேலை செய்கிறவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ரேஸ் டிராக்குக்கு வேடிக்கை பார்க்கக் கூட்டிப் போனான். சொந்த வண்டியைக் கொண்டுவந்து யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கிற நாள் அது.

"அக்கா, ஒரு ரவுண்டு சும்மா போயிட்டு வா. யாரும் சிரிக்க மாட்டாங்க."

போனாள். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. "இன்னொரு தடவை" என்றாள். வீட்டில் எதையும் இரண்டாவது தடவை கேட்டு வாங்காதவள்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு டிராக்குக்கு என்று ஆனது. அந்த நாளை நடத்துகிற கிளப்பில் அவளுக்கு சிஸ்டர் என்று பெயர் விழுந்தது. பின்னால் வருகிறவனுக்கு வழி விட்டாலும் தனக்கு வேண்டிய இடத்தை விடாமல் ஓட்டுவாள் என்று பேசிக்கொண்டார்கள். அவருக்குப் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அவர் காட்டிய ஒரே விதம், "உன் வண்டிக்கு பிரேக் பத்தாது. நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னதுதான்.

பார்த்துக்கொண்டார். நான்கு மாதம். முதலில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போட்டு வண்டியை இரண்டு விரல் கீழே இறக்கினார். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? ரோட்டுல கிடக்கற காசு மேல ஏறினாக்கூட பூவா தலையான்னு சொல்லிடலாம் போல."

"டிராக்குல காசு கிடக்காது" என்றார்.

அடுத்தது முன்பக்க பிரேக். பழைய சாமான் கடையில் ஒரு பெரிய வண்டியின் காலிப்பர் ஜோடி கிடைத்தது. காலிப்பர் என்பது சக்கரத்தோடு சுழல்கிற டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தாடை. இது நாலு பிஸ்டன் தாடை, கையில் எடுத்தால் கனம் தெரியும். பெரிய டிஸ்க், டிஸ்க்கில் அழுந்தி நிறுத்துகிற, சூடு தாங்குகிற பேட், உப்பிக்கொள்ளாத கம்பி பின்னிய ஹோஸ், புது ஆயில். எல்லாம் தேடித் தேடி வாங்கினார். ஒன்றே ஒன்று தேவையில்லாமல் செய்தார். காலிப்பர்களைத் தேய்த்துக் கழுவி, சிவப்புப் பெயின்ட் அடித்தார். இரண்டு கோட். சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே பளிச்சென்று தெரியும், கிளப்பில் குனிந்து பார்ப்பார்கள் என்பதற்காக. வலது, இடது என்று வார்ப்பில் இருந்த சின்ன எழுத்துகள் அந்தப் பெயின்ட்டுக்கு அடியில் போயின.

மாட்டும்போது மைத்துனன்தான் கவனித்தான்.

"மாமா, ஏர் எடுக்கற நிப்பிள் கீழ பார்த்திருக்கே?"

பிரேக் ஆயிலில் காற்று நின்றால் கால் வைக்கிற மிதி பஞ்சாகிவிடும். காற்று எப்போதும் மேலே ஏறும். அதனால் அதை வெளியேற்றுகிற சின்ன நிப்பிள் காலிப்பரின் உச்சியில்தான் இருக்க வேண்டும். டிப்போவில் முதல் வாரத்தில் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். வலதை இடதில் மாட்டினால் நிப்பிள் அடிக்குப் போய்விடும். அதுவும் தெரியும்.

ஆனால் அந்த நிமிஷம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது சிவப்பு மட்டும்தான்.

"பெரிய வண்டிக் காலிப்பர். இதுல அப்படித்தான் வரும். உனக்கு எப்படா மீசை முளைச்சுது?"

மைத்துனன் சிரித்துக்கொண்டே உள்ளே ஏறி உட்கார்ந்தான். "மிதி" என்றார். மிதித்தான். "பிடி." பிடித்தான். நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூடினார். "விடு." ஒரு குமிழிகூட வரவில்லை, சுத்தமான ஆயில். அடியில் இருக்கிற ஓட்டையில் காற்று எங்கிருந்து வரும்? அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு, எல்லா போல்ட்டிலும் மஞ்சள் கோடு இழுத்தார்.

வழக்கப்படி பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மனைவி ஓட்டினாள். ஊருக்குள் ஓட்டுகிற வேகத்துக்கு வண்டி நின்றது.

"மிதி மெத்துன்னு இருக்குங்க."

"புது பேட். பழகணும். ஊசி போடறப்ப நீ என்ன சொல்வே? கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னுதானே?"

அவள் சிரித்தாள். பொறுத்துக்கொண்டாள்.

டிராக்கில் மூன்றாவது ரவுண்டு. நீளமான நேர் ரோடு முடிந்து வலது பக்கம் திரும்புகிற இடம். வண்டி திரும்பவில்லை. நேராகச் சரளைக்குள் இறங்கி, தூசியைக் கிளப்பிக்கொண்டு போய், அடுக்கி வைத்திருந்த டயர்களில் முட்டி நின்றது. அவர் ஓடினார். ஐம்பத்து மூன்று வயசில் அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அவருக்கே தெரியாது. அவள் தானாகவே இறங்கி நின்றாள். பெல்ட் அழுத்திய தோள்பட்டையைத் தவிர வேறெங்கும் அடியில்லை.

"மிதி கீழ போயிடுச்சுங்க. தரைவரைக்கும் போயிடுச்சு."

"ஆயிரம் கிலோ வண்டி. அந்த வேகத்துல அப்படித்தான் தோணும்."

வண்டியைத் தூக்கி ஏற்றுகிற லாரி வந்தது. இடது முன் சக்கரம் உடைந்து சாய்ந்து, காலிப்பர் வெளியே தெரிந்தது. அவர் குனிந்தார். நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு அங்குலம் மேலே, போல்ட்டில், அவருடைய மஞ்சள் கோடு.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கையைத் துடைக்கவில்லை. காலிப்பர் மேல் போட்டு மூடினார்.

கிளப் செயலாளர் வந்தார். நல்ல மனுஷர். பின்னால் ஏழெட்டுப் பேர். "என்ன அண்ணே, பிரேக் பிடிக்கலையா?"

"பிரேக்குக்கு ஒண்ணுமில்ல" என்றார். "பயந்துட்டா. பயத்துல காலை எடுத்துட்டா."

யாரோ 'ச்சு' கொட்டினார்கள். யாரோ, "சிஸ்டர், அடுத்த தடவை கண்ணை மூடாம ஓட்டுங்க" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மனைவி ஒரு கவிழ்த்த டயர் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை வாயிலிருந்து எடுத்து அவரைப் பார்த்தாள். பிறகு தன் வலது காலைப் பார்த்தாள்.

பிரேக் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். முப்பது வருஷமாக ஊரே அதை ஒத்துக்கொண்டிருந்தது. அவளும் ஒத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் வேலைக்குப் போனாள். ஷெட்டில் மூலையில் வண்டி நின்றது. வீட்டில் ஒரு சண்டையும் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சாப்பிடும்போது ஒரு நாள் அவள் தானாகவே சொன்னாள்: "வார்டுல எவ்வளவு ரத்தம் பார்த்திருக்கேன். ஒரு நாளும் கை நடுங்கினதில்ல. காலு இப்படிக் காட்டிக் கொடுக்கும்னு நினைக்கலை." அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "விடு" என்றார். நிப்பிளை மூடிவிட்டுச் சொல்கிற அதே 'விடு'.

ஒரு மத்தியானம் உடைந்ததற்குப் பதில் புதுச் சக்கரம் வாங்கிவர மைத்துனனை அனுப்பிவிட்டு, காலிப்பர்களைக் கழற்றி, போல்ட்டில் இருந்த பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு, பக்கம் மாற்றி மாட்டினார். ஏர் எடுக்க எப்போதும் இரண்டு ஆள் வைத்துக்கொள்கிறவர், அன்று ஒரு பாட்டிலும் குழாயுமாகத் தனியாக எடுத்தார். குமிழி வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மிதி கல்லு மாதிரி ஆனது. மஞ்சள் பெயின்ட் டப்பாவைத் திறந்தார். பிரஷ்ஷைத் தோய்த்தார். கோடு இழுக்கக் கை போகவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டார்.

மைத்துனன் திரும்பி வந்து, சக்கரம் மாட்டக் குனிந்தான். காலிப்பரைப் பார்த்தான். கோடில்லாத போல்ட்டைப் பார்த்தான். சக்கரத்தை மாட்டி முறுக்கினான். அன்றிலிருந்து 'மாமா' என்று கூப்பிடுவது நின்றது. "இந்தாங்க ஸ்பேனர்." "லைட்டை இப்படித் திருப்பணும்." ஆளில்லாத பேச்சு. அக்காவிடம் அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறான் என்பது அவருக்குப் புரிந்தது. ஷெட்டுக்குள் இரண்டு பேர் நடமாடுவதற்கு இடம் பத்தாமல் போனது.

ஐந்து வாரம் கழித்து வண்டியைப் பார்க்க ஒருவர் வந்தார். அவள்தான் வரச் சொல்லியிருந்தாள். பிரேக் அண்ணனுக்குத் தெரியாது. அவர் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே பேசுவது கேட்டது.

"பிரேக்கெல்லாம் எப்படிம்மா?"

"பிரேக் என் வீட்டுக்காரர் செஞ்சது. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை என்கிட்டதான். அதான் விக்கறேன்."

அவர் அடியிலிருந்து வெளியே வந்தார். முகத்தில் கிரீஸ். "வண்டி விக்கறதுக்கில்ல" என்றார். வந்தவர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குடும்ப விவகாரம் என்று கழன்றுகொண்டார்.

"என்னைக் கேக்காம என் வண்டியை விக்கறதில்லன்னு சொல்ல நீங்க யாரு?"

"உன் கால்ல ஒண்ணும் இல்ல."

"என்ன?"

"காலிப்பரை நான் மாத்தி மாட்டிட்டேன். வலதை இடதுல. நிப்பிள் கீழ போயிடுச்சு. காத்து உள்ளேயே நின்னுடுச்சு."

அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஊசி போடுகிறவள். ஊசியை நிமிர்த்திப் பிடித்து, விரலால் சுண்டி, குமிழி மேலே ஏறுகிறதைப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள். நிமிர்த்த வேண்டியதைக் கவிழ்த்துப் பிடித்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யார் சொல்ல வேண்டும்?

"எப்ப தெரியும்?"

பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. நேற்று என்று சொல்லியிருக்கலாம். மைத்துனன் வாசலில் ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"அன்னைக்கே. லாரியில ஏத்தறப்பவே. பார்த்துட்டு, துண்டைப் போட்டு மூடிட்டேன்."

அவள் அவர் தோளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, வார்டில் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் பேசிப் பழகிய குரலில் சொன்னாள்.

"தப்பா மாட்டினது இருக்கட்டும். யாருக்கும் வரும். அந்தத் துண்டை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைச்சேங்க."

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். மூன்று நாள் வேண்டிய பேச்சு மட்டும். நாலாவது நாள், கதவைத் தாழ் போடும்போது சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை ஓட்டப் போறேன். அங்க சொன்னதை அங்கயே மாத்திச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை. ஓட்டுவதற்கு முன்னால் எல்லோரையும் ஒரு தகரக் கூரைக்கடியில் நிறுத்தி, கொடி, விதிமுறை எல்லாம் செயலாளர் சொல்வார். முப்பது பேர் இருந்தார்கள். முடித்துவிட்டு, "வேற யாருக்காவது ஏதாவது?" என்றார். பிரேக் அண்ணன் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு கையைத் தூக்கியது அதுதான் முதல்.

சொன்னார். நாலே வாக்கியம். சிவப்புப் பெயின்ட்டையும் சொன்னார். துண்டையும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. செயலாளர் அவர் தோளைத் தட்டி, "பரவாயில்ல அண்ணே, உங்களுக்கே நடக்குதுன்னா…" என்று ஆரம்பித்து, எப்படி முடிப்பது என்று தெரியாமல் விட்டார். அந்தக் கை பட்ட இடம் வெகுநேரம் எரிந்தது.

அவள் அதற்குள் வண்டியில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். மிதியை மூன்று தடவை மிதித்துப் பார்த்தாள். கல்லு. ஆனால் வண்டியை எடுக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். கையில் மஞ்சள் பெயின்ட் டப்பா. ஷெட்டிலிருந்து எப்போது எடுத்தாளோ.

"கோடு இல்லாம எடுக்க மாட்டேன்."

சக்கரத்தைக் கழற்ற ஜாக்கியைக் கொண்டுவந்தது மைத்துனன்தான். முப்பது பேருக்கு முன்னால் அவர் முழங்காலிட்டார். வலது பக்கம் இரண்டு போல்ட், இடது பக்கம் இரண்டு. கோடு நேராக வரவில்லை. சிவப்பின் மேல் மஞ்சள் வழிந்தது. துடைக்கத் துண்டைத் தேடினார். தோளில் இல்லை. அன்றிலிருந்து துண்டு போடுவதை விட்டிருந்தார். சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதா மாமா?" என்றான் மைத்துனன், மேலேயிருந்து.

அவள் வண்டியை எடுத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. டிராக்கில் பக்கத்து சீட்டில் ஆள் ஏற்றக் கூடாது. அவர் வேலிக்கு இந்தப் பக்கம், நேர் ரோடு முடிகிற இடத்தில் போய் நின்றார். முதல் ரவுண்டு. இரண்டாவது. மூன்றாவது ரவுண்டில் இன்ஜின் சத்தம் அவரை நோக்கி ஏறிக்கொண்டே வந்தபோது, அவரால் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்து, செருப்பில் சிந்தியிருந்த மஞ்சள் பொட்டைப் பார்த்தபடி, காதை மட்டும் கொடுத்துக்கொண்டு நின்றார். பேட் டிஸ்க்கைக் கவ்வுகிற அந்தக் கரகரப்பு கேட்டது. பிறகு வண்டி வலது பக்கம் திரும்பிப் போகிற சத்தம்.