மழைக்கழிவு ஒளிந்திருந்த இடம்

அந்த இடம் எனக்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன்!

பொறாமை... வேறொன்றுமில்லை. உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்?

பதுளை டவுனில் எங்கள் சிறிய கம்பெனி. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் மென்பொருள் செய்கிறோம். மழை நாளில் நனைந்த கொழுந்துக்கு எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். அந்தக் கழிவைக் குறைக்கும்படி ஒரு தோட்டம் கேட்டது. அதற்கான கோட் ஒரே இடத்திலா இருந்தது? பல ஃபைல்களில் சிதறிக் கிடந்தது!

நானாகவே கற்றுக்கொண்டவன் நான். வரி வரியாகத் தேடிக் களைத்துப்போனேன். அப்போதுதான் புதிதாகச் சேர்ந்த சுகந்தி, அதே நமுனுகுல தோட்டத்தின் லயக் குடியிருப்புப் பெண், எங்கள் கோடின் மாற்ற வரலாற்றைத் திறந்தாள்.

"அண்ணே, முன்னாடி கழிவ மாத்துனப்பல்லாம் எந்தெந்த ஃபைல்ல ஒண்ணா கை வச்சிருக்காங்கன்னு பாருங்க. சேந்தே மாறுனா சொந்தக்காரங்கதானே!"

மத்தியானத்துக்குள் முடித்துவிட்டாள். முதலாளி தன் கையாலேயே அவளுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். "என்னப்பா, புள்ள ஒன்னைய முந்திருச்சு போல?" என்றார். சிரித்தேன்... வயிறு எரிந்தது!

அவள் கண்டெடுத்தவற்றில் ஒன்று குறைந்தது. அந்தி நிறுவையின் கழிவுக்காக நான் அண்மையில் தனியாக எழுதிச் சேர்த்த ஃபைல். அதன்பின் கழிவு மாறவே இல்லை. வரலாற்றில் அதற்கு ஏது சொந்தம்? எப்படி அகப்படும்?

"விட்டது எதுவும் இருக்காண்ணே?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு தங்கச்சி."

சொன்னது இந்த வாய்தான்!

மழை பிடித்தது. அந்தி நிறுவையில் பழைய கழிவே விழுந்தது. குறித்த கிலோ வராததால் சில பெண்களுக்கு அரைப்பேர் போட்டார்கள்; நாள் முழுக்க நனைந்தும் பாதிச் சம்பளம். சுகந்தி தலைகுனியட்டும் என்றுதானே நினைத்தேன்... அந்தப் பெண்கள் என் நினைவிலேயே இல்லையே!

அவள் வீங்கிய கண்களோடு வந்தாள். "'கம்பியூட்டர் படிச்ச மகளப் பெத்தியே, எங்க கிலோவத் தின்னுட்டாளே'ன்னு தண்ணி எடுக்கப் போன அம்மாவப் பீலிக்கரையில வச்சு கேக்குறாங்கண்ணே..."

அப்போதாவது சொன்னேனா? அந்த ஃபைலை அப்போதுதான் கண்டுபிடித்தவன்போல் காட்டினேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள்! நன்றி...

அதை எழுதியவன் நான்தானென்று மாற்ற வரலாற்றில் என் பெயரே இருக்கிறது. பார்த்தாளா? தெரியவில்லை. கேட்கத் துணிவில்லை.

பெண்களின் சம்பளத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். சுகந்தி மட்டும் திருத்திய கணக்கில் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலையைக்கூட இன்று என் மேசைக்குக் கொண்டுவருகிறாள்.

"நீங்க ஒருக்கா பாத்துருங்கண்ணே. எனக்கு என்மேலயே நம்பிக்கையில்ல."

பார்க்கிறேன். ஒரு பிழையும் இருப்பதில்லை.