எலுமிச்சைப் புழு சாப்பிடாத நாள்

அன்று அந்தப் புழுவை எறிந்திருந்தால் என் மகள் என்னை மன்னித்திருப்பாளா? இன்றும் தெரியவில்லை.

ஐந்தாவது படிக்கும் அவள் டப்பாவில் எலுமிச்சை இலை போட்டு வளர்த்த பட்டாம்பூச்சிப் புழு, திடீரென்று தின்னாமல் அசையாமல் கிடந்தது. எங்கள் கும்மிடிப்பூண்டியில் இலைகளில் ஆலைக் கரி படிந்திருக்கும். கழுவாத இலையைப் போட்டு நான்தான் கொன்றுவிட்டேன் என்று பதறி, குப்பைக்கூடையைத் திறந்தேன்.

மகள் ஓடிவந்து தடுத்தாள்: "இன்னாம்மா பண்ற? அது உசுரோடதான் கீது! உடம்பு வளரும், தோலு வளராது. டைட்டானா மூளை சிக்னல் குடுக்கும், ஹார்மோன் சுரக்கும், உள்ள புதுத் தோலு வரும். அதுவரைக்கும் துன்னாது. நீ கம்முனு இரு!"

மறுநாள் கறுப்புத் தோலைக் கழற்றிவிட்டுப் பச்சைப் பசேலென்று நகர்ந்தது புழு. தெரு முழுக்க என் மகளின் பெருமையைச் சொல்லித் தீர்த்தேன்.

நேற்று கேட்டாள்: "நமக்கும் ஹார்மோன் கீதாம்மா? நானும் மாறுவேனா?"

பத்து வயதுப் பெண்ணிடம் பருவ மாற்றங்களைப் பற்றி எதுவரை சொல்லலாம்? அனுபவமுள்ள அம்மாக்கள் எழுதுங்களேன்.