வலையைத் தொட்டவன்

தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, யாருக்கு எந்த மலையில் என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பவன். போதகர் ஹட்டனிலிருந்து வராத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சின்ன ஜெபவீட்டில் பிரசங்கமும் என்னுடையதுதான். போதாததற்கு வாலிபால் அணியைப் பழக்குவதையும் நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். மூன்று இடத்திலும் நான் பேசுவேன், மற்றவர்கள் கேட்பார்கள். அந்தச் சுகம் எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

தவரணை நாற்றங்காலில் நாற்று எடுத்து முடிந்த துண்டு நிலத்தைச் சமப்படுத்தி வலை கட்டியிருந்தோம். ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி உபதேசம் செய்வேன். பந்து உன் பக்கம் வராதபோதும் உன் இடத்தில் நில், விசுவாசமும் அப்படித்தான் என்பேன். பக்கத்தில் நிற்பவன் தவறவிட்டால் முறைக்காதே, மன்னிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பேன். வலை விஷயத்தில்தான் என் பிரசங்கம் மிக நீளம். கை வலையில் பட்டால் தப்பு. நடுவர் பார்க்காவிட்டாலும் நீயே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும் என்பேன். மழை தூற ஆரம்பித்துவிடும், ஆட்கள் நனைந்துகொண்டு நிற்பார்கள், நான் முடிக்கமாட்டேன்.

அணியில் கெட்டிக்காரன் கவ்வாத்து வெட்டுகிற ஒருவன். நாளெல்லாம் தேயிலைச் செடியை வெட்டி வெட்டி மணிக்கட்டு இரும்பாகியிருந்தது. அம்மன் கோயில் திருவிழாவில் காவடி எடுக்கிற குடும்பம். விளையாட வந்த இடத்தில் கேட்டதெல்லாம் மனதில் ஏறி, யாரும் கூப்பிடாமலே புதன்கிழமை வேத வகுப்புக்கு வந்து உட்கார்ந்தான். அடுத்த ஞானஸ்நானத்துக்கு அவன் பெயரையும் சேர்த்து நான்கு பேர் என்று போதகருக்கு எழுதினேன். என் பிரசங்கத்துக்குக் கிடைத்த ஆள் என்று எனக்குப் பெருமை.

ஹட்டன் மைதானத்தில் தோட்டங்களுக்கிடையிலான போட்டியின் கடைசி ஆட்டம். எதிரணி கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம். தோட்டத்தை நடத்துகிற எங்கள் துரை இரண்டு சிநேகிதர்களோடு காரில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசிச் சுற்றில் எங்களுக்கு இன்னும் ஒரே புள்ளிதான் வேண்டும். கவ்வாத்துக்காரன் எழும்பி அடித்தான். பந்து தரையைக் குழிபறிப்பதுபோல விழுந்தது. நடுவர் எங்கள் பக்கம் கையை நீட்டினார். நான் துள்ளிக் குதித்துவிட்டேன்.

அவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். சட்டைக் கை வலையில் பட்டது என்றான். புள்ளி போயிற்று, சேர்விஸ் போயிற்று, அதற்குப் பிறகு ஆட்டமும் போயிற்று. துரை காரில் ஏறும்போது சிரித்துக்கொண்டே, "கணக்கப்புள்ள, ஒன் ஆள் ரொம்ப நல்ல ஆள். கப் மட்டும் அவங்க கொண்டு போறாங்க" என்றார். சிநேகிதர்களும் சிரித்தார்கள்.

திரும்பி வரும் லொறியில் எல்லோர் முன்னாலும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஒன்ன யாருடா கேட்டா? நடுவரு கேட்டாரா?"

"நீங்கதானேங்கய்யா சொல்லிக் குடுத்தீங்க."

"அது பழகுறப்ப சொல்றதுடா."

மற்றவர்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததுதான் என்பதை எழுதவே இப்போதும் கூசுகிறது.

அதோடு விட்டிருந்தால் கோபத்தில் பேசியது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் பெரட்டில், கவ்வாத்துக் கூட்டத்திலிருந்து அவனைப் பிரித்து, உச்சி மலையில் மழைத்தண்ணீர் வடிகிற கான் வெட்டப் போட்டேன். தனி ஆளாக, அட்டைக் கடியில், இடுப்பு ஒடிகிற வேலை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வாரம் அதே மலை, அதே கான். ஒழுங்குக்காகச் செய்கிறேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

முதல் புதன்கிழமை காலில் சேறோடு தாமதமாக வந்து கடைசியில் உட்கார்ந்தான். அடுத்த புதன் வரவில்லை. வழியில் கண்டு கேட்டேன்.

"எம்பேர எடுத்துருங்கய்யா" என்றான். "ஞானஸ்நானத்தன்னைக்கி கேக்குற கேள்விக்கெல்லாம் எல்லார் முன்னாடியும் ஆமான்னு சொல்லணும். மனசுல இல்லாம சொல்ல முடியலீங்க."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவன் மனைவி கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "புது வேட்டி எடுத்து வச்சிருக்கேங்க. ஆசப்பட்டது, போய்ட்டு வாங்கன்னுதான் நானும் சொல்றேன். கேக்கமாட்டேங்கிறாரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா வருவாருங்க."

பார்க்கலாம் என்றேன். அவர்கள் குடியிருக்கும் லயம் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். என்ன சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். பெரட்டில் என் முன்னால் கைகட்டி நிற்கிற ஆளிடம் போய் நானா என்று தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மறுநாள் ஆராதனைக்குப் பாட்டுகளைத் தெரிந்தெடுத்தேன்.

காலையில் போதகர் வந்தார். மூன்று பேர்தான் முன்வரிசையில் இருந்தார்கள். என்னைப் பக்கத்தில் அழைத்து, "நாலு பேருன்னு எழுதியிருந்தீங்களே?" என்று கேட்டார்.

"வீட்டுல எதிர்ப்புங்க ஐயா" என்றேன். "சம்சாரம் விடமாட்டேங்குது."

அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். பிறகு சபையை முழங்காலிடச் சொல்லி, இன்று வர முடியாமல் போன ஒரு சகோதரனுக்காகவும், அவனைத் தடுத்து நிற்கிற மனைவியின் கல்லான இருதயம் இளகுவதற்காகவும் ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்கவே.