மேடத்தின் ஒப்புதல்

ஆய்வு மாணவரின் நெறியாளர் இறந்துவிட்டால், துறையின் ஆய்வுக்குழு முப்பது நாளுக்குள் வேறொருவரை நியமிக்க வேண்டும். அதுவரை கழியும் காலம் மாணவரின் கணக்கில் சேராது. விதியில் ஒரு குழப்பமும் இல்லை. ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதைப் பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்குள்ளேயே இது தேவைப்படும் என்று நினைத்ததில்லை.

என் மனைவி அதே பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தபோது, ஒரு ஆடி மாதம் இறந்துபோனாள். அவளிடம் ஆய்வு செய்தவர்களில் ஒருத்தி மட்டும் முடிக்காமல் பாக்கி. லாலாகுடாவில் மூன்று தலைமுறையாக இருக்கும் ரயில்வே குடும்பத்துப் பெண். ஒரு தனியார் கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். டிசம்பருக்குள் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் அடுத்த பருவத்தில் வகுப்பு கிடையாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். பல்கலைக்கழகத்திலும் அவளுடைய பதிவுக்கு அந்த டிசம்பர்தான் கடைசி.

ஆய்வேடு தயார். என் மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே கடைசி அத்தியாயத்தைத் திருத்திக் கொடுத்திருந்தாள். நெறியாளரின் ஒப்புதல் மட்டுமே மிச்சம்.

எங்கள் காலத்தில் ஒப்புதல் என்றால் கையெழுத்து. ஃபைல் மேஜை மேஜையாக நகரும். வழியில் டீ குடிக்கும். ஆனாலும் யாராவது இறந்துபோனால் ஓரத்தில் சிவப்பு மையில் 'காலமானார்' என்று எழுத ஒரு மனிதர் இருந்தார். இப்போது போர்ட்டல். குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைத்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. மாணவர் ஆய்வேட்டை ஏற்றினால் நெறியாளரின் செல்போனுக்கு ஓ.டி.பி. வரும். அந்த எண்ணைப் போட்டால் ஒப்புதல்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தப் பெண் ஏ.எஸ்.ராவ் நகரிலுள்ள எங்கள் வீட்டுக்கு லேப்டாப்போடு வந்தாள். போர்ட்டல் எப்படி இருக்கிறது என்று எனக்குக் காட்டத்தான் ஒப்புதல் கேட்கும் பட்டனை அழுத்தினாள். ஃபிரிட்ஜ் மேல் இருந்த என் மனைவியின் போன் அதிர்ந்தது. கேஸ் சிலிண்டர் பதிவும் பேங்க் கணக்கும் அந்த எண்ணில் இருந்ததால் நான் அதை நிறுத்தவில்லை.

இருவரும் அந்தப் போனையே பார்த்தோம்.

"ஆறு நம்பர்தான் சார். நீங்க படிச்சா நான் அடிச்சிடுவேன்."

"செத்துப்போனவங்க ஒப்புதல் கொடுத்தா அதுக்கு என்ன பேரும்மா?"

"மேடம் படிச்சுப் பார்த்து ஓகே சொன்னதுதானே சார்."

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். போர்ட்டல்ல தேதி நிக்கும். இறப்புச் சான்றிதழ்லயும் தேதி இருக்கு. என்னைக்காவது ஒருத்தன் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா உன் பட்டம் போயிடும். அப்படிப் பட்டம் போனவங்க ஃபைல் என் மேஜைக்கே வந்திருக்கு."

அவள் லேப்டாப்பை மூடினாள். "அப்ப நக்கோ சார், வேண்டாம். ரூல்படியே போவோம்." லேசாகச் சிரித்தாள். "'சார்கிட்ட எதையும் கேட்டுடாதே, விதியைத் தூக்கிட்டு வந்துடுவாரு'ன்னு மேடம் சொல்வாங்க."

நெறியாளரை மாற்றக் கோரும் விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். விதி, இறப்புச் சான்றிதழ், துறைத் தலைவரின் பரிந்துரை, எல்லாம் வரிசையாக இணைத்தேன். 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்று உடனே பதில் வந்தது. அதை எந்த மனிதரும் அனுப்பியிருக்கவில்லை.

தீபாவளி போயிற்று. மூன்று நினைவூட்டல் அனுப்பினோம். நேரில் போனேன். என்னிடம் எழுத்தராக இருந்தவர் இப்போது அங்கே பிரிவு அதிகாரி. எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"நீங்க சொல்ற ரூல் கரெக்ட் சார். ஆனா சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்லை. போர்ட்டல் செஞ்ச கம்பெனிக்காரங்களுக்கு எழுதியிருக்கோம்."

முன்பெல்லாம் அதிகாரி சீட்டில் இல்லை என்பார்கள். வெளியே காத்திருந்தால் எப்படியும் வந்துவிடுவார்.

என் மனைவிக்கு மட்டும் பல்கலைக்கழகத்திலிருந்து செய்தி வந்தபடி இருந்தது. புதுமையான கற்பித்தல் முறைகள் பற்றிய பயிற்சிக்கு அழைத்தார்கள். வராததற்கு விளக்கம் கேட்டார்கள். ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்தினார்கள். நானும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்தேன். சாயங்காலங்களில் போன் அதிர்ந்தால் உள்ளறையிலிருந்து 'யாருன்னு பாருங்க' என்று அவள் குரல் வரும் போலிருக்கும். எடுத்துப் பார்ப்பேன்.

டிசம்பர் கடைசியில் அந்தப் பெண் போனில் கூப்பிட்டாள். கல்லூரி அவளுக்கு வகுப்பு ஒதுக்கவில்லை. மாதாபூரில் ஒரு ஆன்லைன் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள்.

"ரெகார்டட் கிளாஸ் சார். எதிர்ல யாரும் இல்லை. கேமராவைப் பார்த்துப் பேசணும். டவுட் கேக்கக்கூட ஆள் கிடையாது." பிறகு, "கொரோனா டைம்ல மேடம் ஸ்க்ரீன்ல கறுப்புக் கட்டத்தைப் பார்த்துப் பாடம் எடுத்தாங்களே, அப்ப நான் கேலி பண்ணியிருக்கேன்" என்றாள்.

வருடம் முடிந்த இரவோடு போர்ட்டலில் அவள் பதிவு தானாகவே ரத்தாயிற்று. இடைப்பட்ட காலம் கணக்கில் சேராது என்பது போர்ட்டலுக்குத் தெரியாது.

அதன்பிறகுதான் பதில் வந்தது. மேடத்தின் போனுக்கு. 'மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு: தங்கள் மாணவர் நெறியாளர் மாற்றம் கோரியுள்ளார். தற்போதைய நெறியாளர் என்ற முறையில் தங்கள் ஒப்புதலைத் தெரிவிக்க, கீழ்க்கண்ட ஓ.டி.பி.யை உள்ளிடவும்.'

அவளைப் போனில் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் பின்னால் யாரோ 'ரெடி, ரோலிங்' என்று சொல்வது கேட்டது.

"மேடத்துக்கிட்ட கேட்டுச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்று தேதி ஜனவரி மூன்று.