கிளவுஸ் அளவுக்கு ஒரு பெட்டி

உங்கள் தோஸ்து சிரித்தால் எவ்வளவு சத்தம் வரும், சொல்லுங்கள் பார்ப்போம்? என் தோஸ்து சிரித்தால் கண்டெய்னர் லாரியை விடக் கொஞ்சம் கூட. சோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நானும் அவனும் காலேஜில் ஒரே பெஞ்ச். நான் காலடிப்பேட்டை, அவன் வியாசர்பாடி. கானா கச்சேரிகளுக்கு லைட் போடுவோம். மைக் பாட்டைக் கேட்கும், அதற்கேற்ப எல்இடி பட்டையில் வெளிச்சம் ஏறி இறங்கும். அதை ஆட்டிவைப்பது உள்ளங்கை அளவு போர்டு. புரோகிராம் என் வேலை, கரண்டும் வயரிங்கும் அவன் வேலை. போர்டு குடியிருந்தது ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவில். ஒரு கச்சேரி நடுவில் வயர் பிடுங்கிக்கொண்டது. மேடைக்குப் பின்னால் அவன் குந்தி, பாக்சிங் ஆடிப் பழுத்த கையை டப்பாவுக்குள் விடப் பார்த்தான்.

"இன்னாடா பொட்டி இது? சுண்டு வெரலே உள்ள போவமாட்டேங்குது. பெர்சா ஒண்ணு செய் மாமு."

"செய்றேன்டா, கத்தாத."

செய்வதற்குள் அவனுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. பொங்கலுக்கு வரேன், அப்ப மாட்டிக்கலாம் என்று போனில் சொன்னான். வந்து மாட்டினால் திரும்பவும் நாங்கள் இரண்டு பேர்.

அப்பாவுக்கு எண்ணூர் பக்கம் ஷிப்ட். அம்மா அக்கா வீட்டில், பேரனோடு. மாடி ரூமில் நானும் ஒரு செகண்ட் ஹேண்ட் 3டி பிரிண்டரும்தான். பெட்டியைக் கம்ப்யூட்டரில் வரைந்தேன். இடது பாதி என் போர்டுக்கு, வலது பாதி அவனுடைய பவர் சப்ளைக்கு. அவன் கை எவ்வளவு அகலம் என்று பார்க்க ஆளில்லை. அவன் என் ரூமில் விட்டுப்போன பாக்சிங் கிளவுஸ் இருந்தது, அதை ஸ்கேலில் வைத்து அளந்தேன். கிளவுஸ் கையை விடப் பெரிசு என்று தெரியாதா? தெரியும். தாராளமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிரிண்டரில் முழுசாக அடங்கவில்லை. இரண்டு துண்டாக அடித்து ஸ்க்ரூ போட்டு இணைத்தேன்.

அடுத்தது மைக். போன் சார்ஜரில் ஒரு முழம் பட்டையை மட்டும் எரியவிட்டு ட்யூன் செய்தேன். வாசல் ரோட்டில் ஹார்பருக்குப் போகும் ஒவ்வொரு லாரிக்கும் பட்டை எகிறியது. லாரிக்கு எரியாமல் போகும் வரை புரோகிராமில் மைக்கின் காதை அடைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் லாரிக்கு எரியவில்லை. நான் பேசினாலும் எரியவில்லை. பாடினேன், கை தட்டினேன், அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இருட்டு. இந்த ரோட்டு மேல் உட்கார்ந்து ட்யூன் பண்ணுகிறவன்தான் இந்தத் தப்பைச் செய்வான்.

பொங்கலுக்கு வந்தான். மூடியைத் திறந்து மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டான்.

"இன்னாடா, பொட்டியா வூடா? ஒரு குடும்பமே குந்தலாம். வாடகைக்கு வுடு."

சிரித்தான். பட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எரிந்தது. காதை அடைத்த பிறகு அதுதான் முதல் தடவை.

"உன் சைடு காலியா கீது பார். வயரு, பியூசு எல்லாம் வாங்கி வெச்சிக்கீறேன். மாட்டு."

கையை வெளியே எடுத்தான்.

"அங்க பர்மனெண்ட் பண்ணிட்டாங்கடா. இனிமே சும்மா சும்மா லீவு தர மாட்டான். நீயே மாட்டிக்க."

"எனக்குக் கரண்டுன்னா பயம், தெரியும்ல?"

"அப்ப வேற ஆளப் பாரு மாமு. வாங்கின புக்கிங்கக் கலீஜ் பண்ணாத."

திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னான், பட்டைகூட எரியாத அளவுக்கு மெதுவாக. டீயைக் குடித்தோம். போகும்போது கிளவுஸை எடுத்துக்கொண்டான்.

கானா குழுவிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. எடுக்கவில்லை. வேற ஆளையும் பார்க்கவில்லை. வலது பாதி அப்படியே கிடக்கிறது. ரூம் ரொம்ப பேஜாராக இருந்த ஒரு மத்தியானம் மைக்கின் காதை மறுபடி திறந்துவிட்டேன்.

இப்போது கீழே ஒரு லாரி போகிறது. பட்டை எரிகிறது.