பெயருக்கு விட்ட இடம்

எதையும் நாள், நேரம் போட்டு நாட்குறிப்பில் எழுதிவைப்பவன் நான். பள்ளிகளைப் பார்க்க மலேசியா போனபோது, பினாங்கு மலை ரயிலில் ஏறிய நேரத்தைக்கூடக் குறித்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, அங்கே ஒரு தமிழ்ப்பள்ளி நான்காம் வகுப்புக்கு விருத்தாசலத்துப் பீங்கான் யானை ஒன்றைக் கொடுத்தேன். என் மாணவி கவிதாவின் அம்மா செய்தது. "எங்க யானை பிளேன்ல போவுதா சார்? எனக்குத்தான் குடுத்து வைக்கல" என்று சிரித்தபடி வைக்கோல் சுற்றித் தந்திருந்தார்.

"ஐயா, செஞ்சவங்க பேரு என்ன? நன்றிக் கடிதம் எழுதணும்" என்றாள் ஒரு சிறுமி.

"கவிதா அம்மா."

"அது கவிதா பேரு. அவங்க பேரு?"

நான்கு வருடப் பழக்கம், எனக்குத் தெரியவில்லை. "இடம் விட்டு எழுதும்மா, ஊருக்குப் போய்க் கேட்டு நிரப்பிடுறேன்" என்றேன்.

ஞாயிறு காலை விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கினேன். வெளியே சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கவிதாவின் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பெரிய எழுத்தில், தனலட்சுமி.

"மூணு நாளு காய்ச்சல்தான் சார்" என்றார் ஆட்டோக்காரர்.

நேரே வீட்டுக்குப் போய், கடிதத்தைக் கவிதாவிடம் நீட்டினேன். "அன்புள்ள"வுக்குப் பிறகு காலியிடம். அவள் என் பேனாவை வாங்கித் தானே எழுதினாள்.

திங்களன்று எங்கள் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினேன். கவிதாவை ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டவன் நான்தான். தாயார் பெயர்: தனலட்சுமி. பக்கத்தில் தேதி. இரண்டும் என் கையெழுத்து.