அப்பா போட்ட தேதி

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்றும் மாலையில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அம்மா தேநீருக்குத் தண்ணீர் வைக்க எழுந்துவிடுகிறார். பாதி வழியில் நினைவு வந்து நின்றுவிடுகிறார். அந்த வீட்டிலிருந்துதான் மூத்த மகள் நான் அப்பாவின் இந்த நினைவு மலருக்கு இதை எழுதுகிறேன்.

அப்பா செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் பால்மரம் சீவியவர்கள். தோட்ட நிர்வாகம் அதை வீடமைப்புக்கு விற்றதும் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. கேடயமும் கோப்பையும் விற்கும் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கடையில் பெயர் பொறிக்கக் கற்றுக்கொண்ட அப்பா, கஷ்டப்பட்டுச் சொந்தமாக ஒரு கீ செயின் கடை வைத்தார். டயர் கடை விளம்பரம், ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் பரிசு, கல்யாண அன்பளிப்பு எல்லாம் செய்தார். ஈப்போவில் பாதி வீட்டுச் சாவி தன் வளையத்தில்தான் தொங்குகிறது என்பார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். கோயில் திருவிழாவுக்கு வருடந்தோறும் அவர் செய்தவற்றை ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருப்பவர்கள் உங்களில் உண்டு.

கல்யாண ஆர்டரில் மட்டும் தேதி போடவே மாட்டார்.

"பேரு மட்டும் போடுங்க அண்ணே. நாளு தள்ளிப் போச்சுன்னா எல்லாம் வீணாப் போயிரும் லா" என்று பேசிப் பேசியே வந்தவர் மனத்தை மாற்றிவிடுவார்.

என் திருமணம் நிச்சயமானபோது அப்பாவின் சிறுநீரகங்கள் கெட்டுப்போயிருந்தன. இரத்தம் சுத்திகரித்து வந்த களைப்போடு கடையில் உட்கார்ந்து, எனக்கான கீ செயின்களை அவரே செய்தார். எங்கள் இருவர் பெயருக்கும் கீழே தேதி இருந்தது. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் வேணாம்னு சொல்லிட்டு நீங்களே போட்டிருக்கீங்க?"

"போட்டாத்தான் நான் அதுவரைக்கும் இருப்பேன்" என்றார் அப்பா.

இருக்கவில்லை. கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது போய்விட்டார்.

"தலைத்திவசம் முடியட்டும்மா. அதுக்கு முன்னாடி நல்ல காரியம் வேணாம்" என்றார் சித்தப்பா. மாப்பிள்ளை வீட்டாரும் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார்கள். சம்பிரதாயம் எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தேதி வந்த அன்று எல்லோர் மேலும் கோபமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு சித்தப்பா நல்ல எண்ணத்தில் ஒரு யோசனை சொன்னார். "தேதிய மட்டும் மிஷின்ல தேய்ச்சிட்டா கல்யாணத்துக்குக் குடுத்துரலாம்." கடையில் அப்பாவோடு வேலை செய்த அக்கா ஒன்றை எடுத்து, சுற்றுகிற சக்கரத்தின் பக்கம் கொண்டுபோனார். உடனே மிஷினை நிறுத்திவிட்டார்.

"என்னால முடியலம்மா. அண்ணே கையால எழுதுனது இருக்கு" என்றார். எனக்கும் மனம் வரவில்லை.

அப்பாவை மருத்துவமனைக்குக் காரில் கூட்டிப்போய்க் கூடவே காத்திருந்த பத்து காஜா ஊர் மாமாவுக்கும், கடையை மூடவிடாமல் நடத்திவரும் அந்த அக்காவுக்கும், துக்க நாள்களில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இன்று தலைத்திவசத்துக்கு வந்திருந்து அப்பாவுக்குப் பூப்போட்ட உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

இந்த மலரோடு உங்கள் கையில் இருப்பது அந்தக் கீ செயின்தான். தேதி தவறு என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த மாதம் என் திருமணம், அவசியம் வாருங்கள். சாப்பிட்டுக் கிளம்பும்போது வாசலில் அன்பளிப்பு எதுவும் இருக்காது. அதை அப்பா கையால் முன்பே வாங்கிக்கொண்டீர்கள்.